எந்த ராமாயி என்று முனி கேட்டார்

சாமியிடம் சுகம் கேட்டுப் போவார்கள், பிள்ளை வரம் கேட்டுப் போவார்கள். போன வருசம் ஆடி இரண்டாம் வெள்ளி, நான் எங்கள் தேயிலைத் தோட்டத்து முனியாண்டியிடம் போனது என் கூடப் பிறந்த அக்கா நாசமாய்ப் போகவேண்டும் என்று கேட்க. பையில் ஒரு முற்றின தேங்காயும் வைத்திருந்தேன். கோயில் மலருக்கு எழுதித் தாருங்கள் என்று கேட்டவர்கள் இதைப் படித்து முகம் சுளித்தாலும் பரவாயில்லை. நடந்ததை நடந்தபடிதான் எழுதுவேன். நல்ல பிள்ளை மாதிரி எழுதினால் அதில் முனியின் பெருமை இருக்காது, என் பெருமைதான் இருக்கும்.

பலாங்கொடை டவுனில், பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் போகிற ரோட்டில், எனக்கு ஒரு மாடிக் கட்டடம் இருந்தது. கீழே இரண்டு வீடு, மேலே இரண்டு வீடு. குவைத்தில் பதினான்கு வருசம் அடுத்தவர் வீட்டைக் கூட்டித் துடைத்துச் சம்பாதித்ததில் கட்டியது. என் வீட்டுக்காரர் கொழுந்து லொறி டிரைவர். மேல்மாடிக்குத் தோளில் மணல் சுமந்தது அவர்தான். அவர் தவறி ஒன்பது வருசம் ஆகிறது. பிள்ளைகள் இல்லை. கீழ்வீடு ஒன்றில் நான் இருந்துகொண்டு மற்ற மூன்றையும் வாடகைக்கு விட்டிருந்தேன். அந்த வாடகைதான் எனக்குச் சோறு.

நான் காணி வாங்கின நாளில் அந்த ரோட்டில் வயலும் ஒரு சைக்கிள் கடையும்தான். இன்றைக்கு வலது பக்கம் நாலு மாடியில் கல்யாண மண்டபம், இடது பக்கம் டியூசன் வகுப்பு, எதிரே கண்ணாடி போட்ட கேக் கடை. நடுவில் என் கட்டடம் வெயில் படாமல் நிற்கிறது. மண்டபக்காரன் மதில் எழுப்பும்போது மழைத் தண்ணீர் ஓடுகிற பழைய கானை மண் போட்டு மூடிவிட்டான். அதற்குப் பிறகு ஒரு மழை பெய்தால் போதும், தண்ணீர் என் கீழ்வீடுகளுக்குள்தான் வரும். கேட்கப் போனேன். "அம்மே, விக்குணலா யன்ன" என்றான். விற்றுவிட்டுப் போ என்று எனக்கே புத்தி சொல்கிறான்! கானை அடைத்தவனே கதிரையில் சாய்ந்துகொண்டு சொல்கிறான். பக்கத்துக் கீழ்வீட்டு டீச்சர், புத்தகம் எல்லாம் ஊறிப்போன பிறகு, சாவியைக் கொடுத்துவிட்டுப் போய்விட்டார். என் முழங்கால் இரண்டும் இரவல் கால் மாதிரி ஆகிவிட்டது. ஒவ்வொரு மழைக்கும் குனிந்து தண்ணீர் அள்ள என்னால் முடியவில்லை. விற்பது என்று முடிவெடுத்தேன்.

வந்த புரோக்கர்களைப் பற்றி எழுதினால் இந்த மலர் போதாது. ஒருவன் படியேறிப் பார்த்துவிட்டு, "இது லயம் மாதிரில்ல இருக்கு, காணி வெலைக்குத்தான் போகும்" என்றான். தோட்டத்து லயத்தில், வரிசை வீட்டில் பிறந்தவளிடம் வந்து சொல்கிறான். லயத்தை விட்டு வெளியே வர நான் எத்தனை குளியலறை கழுவினேன் என்று அவனுக்கு என்ன தெரியும்? குடையால் ஒன்று போடாத குறையாக அவனை வெளியே அனுப்பினேன். மண்டபக்காரனும் ஆள் விட்டுக் கேட்டான். அவனுக்கு வேண்டியது கட்டடம் இல்லை. அதை இடித்துக் கார் நிறுத்த இடம்.

கடைசியில் பெல்மதுளையில் பாமசி வைத்திருக்கிற ஒரு சிங்கள மாத்தயா வந்தார். இரத்தப் பரிசோதனை நிலையம் போடவேண்டும் என்றார். கட்டடத்தை இடிக்கமாட்டேன், கீழ்த்தளத்தை உயர்த்திக்கொள்வேன், மேலே இருக்கிற இரண்டு குடும்பமும் வேறு வீடு பார்க்கும்வரை இருக்கட்டும் என்றார். அந்தச் சொல் போதும் எனக்கு. விற்பனைப் பத்திரமான ஒப்பு எழுத நெகத் பார்த்து, நல்ல நேரம் என்று ஆடி முடிவதற்குள் ஒரு நாளும் சொன்னார். அந்த நாள் தவறினால் வேறொரு இடம் பார்த்து வைத்திருக்கிறேன், அதை எடுத்துவிடுவேன் என்றும் பட்டென்று சொல்லிவிட்டார். அவர் போனால் எனக்கு மிஞ்சுவது மண்டபக்காரன்தான்.

இந்த நேரத்தில்தான் இடி விழுந்தது. விற்பனைக்கு வதிவிடப் பத்திரம் வாங்க கிராம சேவகரிடம் போனேன். அவர் ஒரு கடிதத்தை எடுத்து மேசையில் வைத்தார். என் பெயர் மேல் முறைப்பாடு வந்திருக்கிறதாம். தோட்டத்தில் ஒரு பெண், பெருமாள் மகள் ராமாயி என்பது தான்தான், பலாங்கொடையில் அந்தப் பெயரில் இருக்கிறவர் வேறு ஆள் என்று எழுதிக் கொடுத்திருக்கிறாள். கடிதத்தின் கீழே கைநாட்டு. என் அக்காவின் கைநாட்டு.

இங்கே ஒன்றைச் சொல்லியாகவேண்டும். என் பெயர் ராமாயி இல்லை. காமாட்சி. குவைத்துக்குப் போகிற நாளில் எனக்குப் பதினேழு வயது. அந்த வயதில் ஏற்றமாட்டார்கள். ஏஜென்சிக்காரன் அக்காவின் பிறப்புப் பத்திரத்தைக் கொண்டுவா என்றான். அம்மா தகரப் பெட்டியில் இருந்து எடுத்துக் கொடுத்தாள். அந்தக் காலத்தில் தோட்டத்தில் இதை யாரும் பெரிய விசயமாய் நினைத்ததில்லை. எங்கள் லயத்திலேயே அக்கா பெயரில் போன தங்கச்சிமார் மூன்று பேர். அந்தப் பத்திரத்தில் அடையாள அட்டை எடுத்தேன், பாஸ்போட் எடுத்தேன். திரும்பி வந்து காணி வாங்கினபோது ஒப்பும் அதே பெயரில். டவுனில் எல்லாருக்கும் நான் ராமாயி அக்கா. கோயிலில் அர்ச்சனைகூட அந்தப் பெயரில்தான் செய்தேன். முப்பது வருசத்துக்கு மேல் ஆனதில் எனக்கே மறந்துபோய்விட்டது.

அவளுக்கு மறக்கவில்லை போலிருக்கிறது, கட்டடம் விலைபோகிற நேரம் பார்த்து ஞாபகம் வந்திருக்கிறது. இப்படித்தான் நான் நினைத்தேன். ஒப்பு எழுதித் தருகிற வக்கீல் அம்மா, நொத்தாரிஸ் நோனாவிடம் ஓடினேன். இது தீராமல் ஒப்பு எழுதமாட்டேன் என்று கைவிரித்தார். அன்றைக்கு வீட்டுக்கு வந்து, தண்ணீர் கறை படிந்த சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தேன். ஒப்பில் இருப்பது அவள் பெயர். அவள் கை நீட்டினால் கட்டடம் அவளுடையது. எனக்கு வாடகை இல்லை, வீடு இல்லை, மனிதர் இல்லை. செத்துப்போகலாம் என்றுகூட வந்தது. ஆனால் எனக்கு அழுகையைவிடக் கோபம்தான் சீக்கிரம் வரும். தீபாவளிக்குத் தீபாவளி சேலை அனுப்பினேனே, அம்மா செத்தபோது எல்லாச் செலவும் செய்தேனே, தின்ற வாய் இப்படியா என்று பல்லைக் கடித்தேன். அக்காவிடம் போய் ஒரு வார்த்தை கேட்கவேண்டும் என்று மட்டும் தோன்றவே இல்லை. நேரே முனியிடம் போய் முடித்துவிடுவது என்று தேங்காய் வாங்கினேன்.

எங்கள் தோட்டத்தில் பிராது வைத்துத் தேங்காய் அடிப்பதற்கு ஒரு முறை உண்டு. அடிக்கிறவர் முதலில் தன் பெயரையும் அப்பா பெயரையும் சத்தமாய்ச் சொல்லவேண்டும். பிறகு யார் மேல் பிராதோ அவர் பெயரும் அவர் அப்பா பெயரும். பூசாரி இரண்டையும் முனியிடம் திருப்பிச் சொல்வார். அதற்குப் பிறகுதான் அடி. இப்போது பூசை செய்கிறவர் நான் போன பிறகு இந்தத் தோட்டத்தில் பெண் எடுத்து வந்தவர். அக்காவை அவருக்குத் தெரியும், என்னைத் தெரியாது.

காலை பஸ்ஸில் ஏறி, பிறகு ஒரு திரீவீல் பிடித்து, மலைக்குப் போய்ச் சேர்ந்தேன். பூசாரி அண்ணன் சூடம் ஏற்றினார்.

"அடிக்கிறவுங்க பேரு சொல்லுங்க."

"ராமாயி. பெருமாள் மக ராமாயி." யோசிக்காமல் வந்தது. பழக்கம்.

"யாரு மேல பிராது?"

தேங்காயைத் தலைக்கு மேல் தூக்கிவிட்டேன். "ராமாயி மேல. பெருமாள் மக ராமாயி!"

பூசாரி அண்ணன் சூடத் தட்டோடு என் பக்கம் திரும்பினார். தட்டைக் கீழே வைத்தார்.

"எந்த ராமாயி? மேல் லயத்து ராமாயி அக்காவா?"

"அவதான்."

"அப்ப நீங்க யாரு?"

தூக்கின தேங்காயை இறக்கினேன்.

"கோவிச்சிக்காதீங்க தங்கச்சி. ரெண்டு பேருக்கும் ஒரே பேரு, ஒரே அப்பன். சாமி ஆளு மாத்தி அடிச்சிருச்சின்னா நான் பொறுப்பில்ல. யாரு எவருன்னு தெளிவாச் சொல்லுங்க, நான் சாமிகிட்ட சொல்றேன்."

சொல்லப் பார்த்தேன். காமாட்சி என்று சொன்னால், காமாட்சிக்கு ஒப்பும் இல்லை, கட்டடமும் இல்லை. அப்புறம் அவளுக்கு என்ன பிராது? ராமாயி என்று சொன்னால் அடி என் தலையில். எப்படிச் சொன்னாலும் பிராது நிற்கவில்லை. முனியைப் பார்த்து வாயில் வந்தபடி ஏசினேன். "கண்ணு அவிஞ்சு போச்சா ஒனக்கு? எங்கம்மா ஒனக்குச் சேவல் அறுத்தது இதுக்குத்தானா? ஒரு பேரு கேக்கத்தான் இம்புட்டுப் பெரிய மீசையா?" பூசாரி அண்ணன் என்னைத் தடுக்கவில்லை. முனியிடம் கோபப்பட்டவர்கள் எத்தனையோ பேரை அவர் பார்த்திருப்பார். ஏசி முடித்தும் எனக்கு ஆறவில்லை. தேங்காயைப் பையில் போட்டுக்கொண்டு, இவரிடம் கேட்பதைவிட அவளிடமே கேட்டுவிடுகிறேன் என்று மேல் லயத்துக்கு ஏறினேன்.

அக்கா வாசலில் விறகு பிளந்துகொண்டிருந்தாள். என்னைவிட ஐந்து வயது மூத்தவள், பார்த்தால் பதினைந்து வயது மூத்தவள் என்று சொல்லலாம். என்னைக் கண்டதும் கத்தியைப் போட்டுவிட்டு, "காமாச்சி!" என்றாள்.

அந்தப் பெயரைச் சொல்லி என்னைக் கூப்பிட இந்த உலகத்தில் அவள் ஒருத்திதான் மிச்சம். அது அந்த நேரத்தில் எனக்கு உறைக்கவில்லை. நான் சண்டைக்கு வாய் திறக்குமுன் அவள் பையை வாங்கிக்கொண்டாள். உள்ளே கையை விட்டுத் தேங்காயை எடுத்தாள்.

"எதுக்குடி சொமந்துக்கிட்டு வந்தே? இங்க தேங்கா வெல ஏறிப்போச்சின்னு ஒனக்கு யாரு சொன்னா?"

அவளை நாசமாக்கக் கொண்டுபோன தேங்காயை அவள் கத்தியின் பின்பக்கத்தால் இரண்டாய் உடைத்தாள். தண்ணீரைக் கோப்பையில் பிடித்து என்னிடம் நீட்டினாள். பிறகு அடுப்படியில் உட்கார்ந்து துருவ ஆரம்பித்துவிட்டாள், ரொட்டிக்குச் சம்பல் போட. நான் என்ன செய்வேன்? அவள் முதுகைப் பார்த்து, "ஏன் எம்மேல எழுதிக் குடுத்தே?" என்றேன்.

அவள் துருவுவதை நிறுத்தவில்லை. "எழுதிக் குடுத்தேன். வேற வழி தெரியல."

"ஒனக்கு என் கட்டடம் வேணுமா?"

இப்போது திரும்பினாள். அவள் முகத்திலும் கோபம். எங்கள் குடும்பத்துக் கோபம் அவளிடமும் இருக்கிறது, நான்தான் இத்தனை வருசம் பார்க்கவில்லை.

"ஒன் கட்டடத்த வச்சி நான் என்னடி செய்ய? எனக்கு ஏழு பேர்ச் காணியும் ஒரு வீடும் வந்துச்சி, புது வீட்டுத் திட்டத்துல. ஐடென்டி கார்டு கேட்டாங்க. இல்லன்னேன். பொறப்புப் பத்திரம் குடுத்தேன். அதப் பாத்துட்டு, இந்தப் பேருக்கு ஐடென்டி குடுத்து முப்பது வருசமாச்சி, பலாங்கொடையில மாடி வீடும் இருக்கு, ஒனக்கு எதுக்கு வீடுன்னு லிஸ்ட்ல இருந்து பேர வெட்டிட்டாங்க. நான் யாருன்னு நான் எழுதிக் குடுக்கக்கூடாதா?"

நான் கோப்பையைக் கீழே வைத்தேன்.

"ஐடென்டி இல்லாம எப்படி இருந்தே?" என்று கேட்டேன். இதைக் கேட்க எனக்கு முப்பது வருசத்துக்கு மேல் பிடித்திருக்கிறது.

அவள் சொன்னாள். நிறையச் சொல்லவில்லை. ஓட்டுப் போட்டதே இல்லையாம். பென்சன் போனபோது ஈபிஎஃப் சேமிப்புக் காசு எடுக்க முடியவில்லையாம். சண்டைக் காலத்தில் அம்மாவைக் கண் ஆஸ்பத்திரிக்குக் கொழும்புக்குக் கூட்டிப்போன அன்றைக்கு, சோதனைச் சாவடியில் பஸ்ஸில் இருந்து இறக்கிவிட்டார்களாம். அடையாள அட்டை இல்லாத தமிழ்ப் பெண். பகல் முழுக்கப் பொலிசில் உட்கார வைத்திருக்கிறார்கள். கண் தெரியாத அம்மா வெளியே கல்லில் உட்கார்ந்து, "எம்மக ராமாயி, எம்மக ராமாயி" என்று போகிறவர் வருகிறவரிடம் எல்லாம் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறாள். தோட்டத்துத் தொரை டெலிபோன் கோல் எடுத்துச் சொன்ன பிறகுதான் விட்டார்களாம். அந்த நாளில் நான் குவைத்தில் அவர்களுக்குப் போர்வை வாங்கிப் பார்சல் கட்டிக்கொண்டிருந்தேன், ராமாயி என்று கையெழுத்துப் போட்டு.

"ஏன்க்கா எனக்குச் சொல்லல?"

"சொன்னா நீ அங்க இருந்து என்ன செஞ்சிருப்பே? ஒஞ் சம்பளத்துலதான அம்மாவுக்கு மருந்து. ஒன்ன நான் ஒண்ணும் கேக்கல காமாச்சி. எம்பேர மட்டும் குடு. சாகுறப்பவாவது எம்பேருல சாகணும்."

நான் அழுதேன் என்று எழுதுவதுதான் வழக்கம். அழவில்லை. எனக்குக் கோபம் வந்தது. அந்த ஏஜென்சிக்காரன் மேல், பெட்டியைத் திறந்துகொடுத்த அம்மா மேல், ஒரு தரம்கூடக் கேட்காத என் மேல். அந்தக் கோபத்தோடேயே ரொட்டியும் சம்பலும் சாப்பிட்டேன். உறைப்பு அதிகம். நன்றாகத்தான் இருந்தது.

திங்கட்கிழமை அக்காவையும் கூட்டிக்கொண்டு முதலில் அரசாங்கக் காரியாலயமான கச்சேரிக்குப் போய் என் சொந்தப் பிறப்புப் பத்திரத்தின் பிரதி எடுத்தேன். பிறகு நொத்தாரிஸ் நோனாவிடம் போனோம். இரண்டு பத்திரத்தையும் மேசையில் வைத்தோம். நோனா கண்ணாடியைக் கழற்றிவிட்டு எங்கள் இரண்டு பேரையும் பார்த்தார்.

"கவுத ராமாயி?"

யார் ராமாயி என்று கேட்கிறார். பூசாரி அண்ணன் கேட்ட அதே கேள்வி. எனக்கு மேல் எல்லாம் சிலிர்த்துவிட்டது. முனிக்குச் சிங்களமும் தெரிந்திருக்கிறது. இந்தத் தடவை நான் தடுமாறவில்லை. "மே அக்கா தமய் ராமாயி. மம காமாட்சி" என்றேன். இவள்தான் ராமாயி, நான் காமாட்சி. பதினேழு வயதுக்குப் பிறகு என் பெயரை என் வாயால் சொன்னது அன்றைக்குத்தான்.

நோனா எங்களைக் கன்னாபின்னாவென்று ஏசினார். இது சின்ன விசயம் இல்லை, பொய் விபரம் கொடுத்தது குற்றம் என்றார். வாயை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தேன். வாக்குமூலம் கொடுக்கவேண்டி வந்தது, தண்டம் கட்டவேண்டி வந்தது, என்னைவிடச் சின்ன வயது உத்தியோகத்தர்கள் முன்னால் தலைகுனிந்து நிற்கவேண்டி வந்தது. அதையும் மறைக்கவில்லை. கடைசியில் நோனாவே வழி சொன்னார். வாங்கியது யார், பெயர் யாருடையது என்று இரண்டு பேரும் சத்தியக் கடதாசி கொடுத்து, விற்பனை ஒப்பில் இரண்டு பேரும் கை வைத்தால் நாளைக்கு எவரும் கேள்வி கேட்கமுடியாது.

ஆனால் அதற்குள் ஆடி முடிந்துவிட்டது. மாத்தயா குறித்த நாள் போய்விட்டது. மண்டபக்காரன் மறுபடியும் ஆள் விட்டான். நான் என் கீழ்வீட்டில் நின்றுகொண்டு, மலை இருக்கிற திசையைப் பார்த்து, "பேரக் கேட்டே, சொல்லிட்டேன். இனி ஒம்பாடு" என்றேன். என் பிரார்த்தனை அவ்வளவுதான். சூடம்கூட ஏற்றவில்லை.

மறுநாள் காலையில் மாத்தயா போனில் கோல் எடுத்தார். குரலில் கூச்சம். அவருடைய சாஸ்திரக்காரர் நெகத்தைத் தப்பாய்ப் பார்த்துவிட்டாராம். முதலில் சொன்ன நாள் கூடாத நாளாம். அடுத்த மாதம்தான் நல்ல நேரம் வருகிறதாம். "அம்மே, உங்களுக்குக் கஷ்டமா? கொஞ்சம் பொறுப்பீர்களா?" என்று என்னிடம் கெஞ்சுகிறார்! சாஸ்திரக்காரர் கண்ணில் மண்ணைத் தூவினது யார் என்று எனக்குத் தெரியும். உங்களுக்கும் தெரியும்.

அடுத்த மாதம் அந்த நல்ல நேரத்தில் நான் கையெழுத்துப் போட்டேன், அக்கா பெருவிரலை வைத்தாள். கட்டடம் நிற்கிறது. கீழ்த்தளத்தை உயர்த்திவிட்டார்கள். மேலே இரண்டு குடும்பமும் இன்னும் இருக்கிறார்கள். எனக்கு இரண்டு அறையோடு ஒரு சின்ன வீடு, தோட்டத்துக்குப் போகிற பஸ் ரோட்டில், காமாட்சி என்ற பெயரில். அக்காவின் பெயர் திரும்ப லிஸ்டில் ஏறிவிட்டது, அவள் வீட்டுக்கு அத்திவாரம் போட்டாகிவிட்டது.

அவளுடைய அடையாள அட்டை தை மாதம் வந்தது. ஐம்பத்தேழு வயதில் முதல் அட்டை. படத்தில் முறைத்துக்கொண்டிருக்கிறாள். அதை ஒரு கைலேஞ்சித் துணியில் சுற்றி நெஞ்சுக்குள் வைத்துக்கொண்டு, அடுத்த வெள்ளி என்னோடு முனியிடம் வந்தாள். பூசாரி அண்ணன் அர்ச்சனைக்குப் பெயர் கேட்டார். நான் அவளைத்தான் முதலில் சொல்லவிட்டேன். "ராமாயி" என்றாள், அந்தக் காடு முழுக்கக் கேட்கிற மாதிரி. பிறகு நான் "காமாட்சி" என்றேன். பூசாரி அண்ணன் எந்த ராமாயி என்று கேட்கவில்லை.

அடியார்களே, உங்களுக்கும் பிராது இருக்கும். காணிப் பிராது, கூடப் பிறந்தவர் மேல் பிராது, கான் அடைத்தவன் மேல் பிராது. மனசைச் சுத்தம் பண்ணிக்கொண்டுதான் போகவேண்டும் என்று காத்திருக்காதீர்கள். கோபத்தோடேயே போங்கள், ஏசவேண்டுமானால் ஏசுங்கள், எங்கள் முனி தாங்குவார். ஆனால் அடுத்தவர் பெயரைச் சொல்வதற்கு முன்னால் அவர் உங்கள் பெயரைக் கேட்பார். அதை உண்மையாய்ச் சொல்லுங்கள். மிச்சத்தை அவர் பார்த்துக்கொள்வார்.

எனக்குக் கோபம் இன்னும் போகவில்லை. அந்த மண்டபக்காரன் கானைத் திறக்கவே இல்லை, அவனைக் கண்டால் இன்றைக்கும் வயிறு எரியும். ஆனால் தேங்காய் வாங்குவது மட்டும் இப்போது சம்பலுக்குத்தான்.